சாவியின் பின்புறத்து எழுத்துகள்: கம்பியில்லாச் செலுத்திகளுக்கான அரச அத்தாட்சி - ஒரு வரலாற்று நோக்கு

பெரும் போர்களையும் அரச மரபுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் மாத்திரமே வரலாறு எனக் கொள்ளும் நோக்கு இன்று பெரிதும் மாறிவிட்டது. மனிதன் அன்றாடம் கையாளும் சிறு பொருள்களும் தமக்கென வரலாறு உடையன. அவற்றின் பின்னால் அரசு, வணிகம், அறிவியல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதியும் இணங்கியும் வந்த கதை மறைந்து கிடக்கின்றது. மோட்டார் காரின் கதவைத் தொலைவிலிருந்தே திறக்கும் கம்பியில்லாச் சாவி அத்தகைய பொருள்களுள் ஒன்றாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் இத்தகைய சாவியொன்றைப் புரட்டிப் பார்ப்பின், அதன் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட தொடரொன்று பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். அந்நாட்டின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவினது அத்தாட்சியைப் பெற்ற சாதனம் அது என்பதற்கான அடையாளமே அத்தொடர். அதனைக் கவனிப்போர் சிலர். கவனிப்போரிற் பலரும், சாவி நம்பத்தக்கது, பாதுகாப்பானது என்பதற்கு அரசு அளித்த உறுதிமொழியாக அதனைக் கருதுவர். உண்மை அதுவன்று. அவ்வத்தாட்சி யாரைக் காக்க எழுந்தது, யாரைக் காவாது விட்டது என்பதை அது தோன்றி வளர்ந்த வரலாற்றின் வழியாகவே விளங்கிக்கொள்ளலாம். அவ்வரலாறு பெரிதும் ஐக்கிய அமெரிக்காவிலேயே நிகழ்ந்ததாதலின், இக்கட்டுரையும் அந்நாட்டையே மையமாகக் கொள்கின்றது.

ஆளுக்கு அனுமதி

வானொலி அலைகள் பற்றிய முதற் சட்டங்கள் கடலிலிருந்தே பிறந்தன. 1912 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் டைட்டானிக் கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தில் மூழ்கி 1500 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அண்மையில் நின்ற கலிபோர்னியன் என்னும் கப்பலின் கம்பியில்லாத் தந்தியாளர் உறங்கச் சென்றுவிட்டமையால் அபாய அழைப்பு அங்கு கேட்கப்படவில்லை. கரையிலோ பலரது செலுத்திகளும் ஒரே வேளையில் ஒலித்துக் குழப்பத்தை விளைத்தன. கப்பல் பத்திரமாக இழுத்துவரப்படுகின்றது என்ற பொய்ச் செய்தியும் பரவிற்று. இவ்வனர்த்தம் தந்த அதிர்ச்சியின் விளைவாக அவ்வாண்டு ஓகஸ்ட் 13 ஆந் திகதி அமெரிக்க வானொலிச் சட்டம் நிறைவேறியது. செலுத்தியை இயக்குவோர் வர்த்தக, தொழில் செயலாளரிடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. பொழுதுபோக்காக வானொலியைக் கையாண்டோர் 200 மீற்றர் அலைநீளத்துக்கும் அதற்குக் குறைவானவற்றுக்கும் ஒதுக்கப்பட்டனர்.

ஆயினும் இச்சட்டம் அனுமதி வழங்கும் கடமையை அரசுக்கு அளித்ததேயன்றி, மறுக்கும் அதிகாரத்தைத் தெளிவாக அளிக்கவில்லை. 1923 ஆம் ஆண்டில் நீதிமன்றமொன்று, விண்ணப்பித்தவருக்கு அனுமதிப்பத்திரத்தை மறுக்கச் செயலாளருக்கு உரிமையில்லை எனத் தீர்ப்பளித்தது. 1926 இல் சிக்காகோவின் செனித் நிறுவனத்து நிலையம், கனடாவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த மீடிறனைத் தன் விருப்பப்படி கைக்கொண்டபோதும் நீதிமன்றம் அரசின் பக்கம் நிற்கவில்லை. பின்னாளில் சனாதிபதியான ஹேபேட் ஹூவரே அப்போதைய வர்த்தகச் செயலாளர். 1926 யூலை முதல் 1927 பெப்ருவரி வரையான சில மாதங்களுள் ஏறத்தாழ 200 புதிய நிலையங்கள் தோன்றின. ஒன்றன் ஒலியை மற்றொன்று மூடிற்று. அனைவரும் ஒரே வேளையிற் பேச, எவரும் கேட்க முடியாத நிலை உருவாயிற்று.

இக்குழப்பத்தின் பயனாகவே 1927 இன் வானொலிச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1934 இன் தொடர்பாடற் சட்டமும் எழுந்தன. மீடிறன் எவரது தனிச் சொத்துமன்று; பொதுநலன் கருதி, அரசின் அனுமதியோடு, குறித்த காலத்துக்கு மாத்திரமே ஒருவர் அதனைப் பயன்படுத்தலாம் என்ற கோட்பாடு உறுதிபெற்றது. இதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு 1934 இல் நிறுவப்பட்ட சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. இக்காலகட்டம் வரை சட்டத்தின் நோக்கு முழுவதும் ஆளின் மீதே இருந்தது என்பது கருதத்தக்கது. யார் அனுப்புகிறார், எங்கிருந்து அனுப்புகிறார், எம்மீடிறனில் அனுப்புகிறார் என்பனவே அதன் வினாக்கள்.

சிறியவற்றுக்கு விலக்கு

இக்கோட்பாட்டினைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் வானொலி அலையை எழுப்பும் எந்தச் சிறு கருவிக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1930களில் இது நடைமுறைச் சிக்கலாயிற்று. இசைத்தட்டின் ஒலியை அதே அறையிலுள்ள வானொலிப் பெட்டிக்குக் கம்பியின்றி அனுப்பும் கருவிகள் கடைகளுக்கு வந்தன. பில்கோ நிறுவனம் தனது 1939 ஆம் ஆண்டுக்கான வானொலிப் பெட்டிகளுடன், அறையின் எப்பகுதியிலிருந்தும் நிலையத்தை மாற்றவல்ல கம்பியில்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டியொன்றையும் விற்றது. நாற்காலியில் அமர்ந்து பாட்டை மாற்ற விரும்பும் ஒருவரிடம், ஒலிபரப்பு நிலையத்துக்குரிய அனுமதிப்பத்திரத்தைக் கேட்பது பொருந்துமா?

ஆணைக்குழு இதற்கு 1938 இல் விடை கண்டது. செலுத்தியின் வலு போதிய அளவு குறைவாக இருப்பின் அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என்பதே அவ்விடை. போதிய அளவு எது என்பதும் வரையறுக்கப்பட்டது. 1,57,000 ஐக் கிலோசைக்கிளில் அளந்த மீடிறனால் வகுக்க வரும் அடித் தூரத்தில், மின்புலச் செறிவு மீற்றருக்கு 15 மைக்கிரோவோல்ற்றினை மீறலாகாது. 1000 கிலோசைக்கிளில் இயங்கும் கருவிக்கு அத்தூரம் 157 அடி. ஏறத்தாழ ஒரு வீட்டு வளவின் எல்லை எனலாம். தன் வளவுக்குள் ஒருவர் செய்வது அயலவரை எட்டாதவரை அரசு அதில் தலையிடாது என்னும் எளிய நீதியே இக்கணக்கின் உட்பொருள்.

ஆனால் இவ்விதி அக்காலத்தின் தாழ்ந்த மீடிறன்களை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டது. இன்றைய அமெரிக்கக் கார்ச் சாவிகள் பல இயங்கும் 315 மெகாஹேட்ஸ் மீடிறனுக்கு அதனைப் பொருத்திப் பார்த்தால், குறித்த தூரம் அரை அடியாகச் சுருங்கிவிடும். அத்தகைய சாவியால் தரிப்பிடத்தில் நிற்கும் காரைத் திறப்பது இயலாது. எனவே உயர் மீடிறன்களில் இயங்கும் சிறு செலுத்திகளுக்குத் தனி விதிகள் பின்னர் வேண்டப்பட்டன.

ஆளிலிருந்து பொருளுக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டின் கார்க்கொட்டிற் கதவை வானொலியால் திறக்கும் கருவிகள் அமெரிக்காவிற் பெருகின. இவற்றுட் சில, விதிக்கப்பட்ட எல்லையை மீறி வேறு சேவைகளுக்கு இடையூறு விளைத்தன. அப்போதுதான் சட்டத்தின் பெருங் குறையொன்று புலனாயிற்று. சட்டம் செலுத்தியை இயக்குவோரைத் தண்டிக்க வல்லதாயிருந்தது; அதனைச் செய்தோரையும் விற்றோரையும் தொட அதற்குப் போதிய வலிமை இருக்கவில்லை. பிழையான கருவியைப் பல்லாயிரக் கணக்கில் உற்பத்தி செய்தவர் இலாபம் பெற, அதனை அறியாது வாங்கியவர் குற்றவாளியாக நின்றார்.

1968 ஆம் ஆண்டு யூலையில் அமெரிக்கக் கொங்கிரஸ் தொடர்பாடற் சட்டத்தின் 302 ஆம் பிரிவினை இயற்றி இக்குறையை நீக்கியது. தீங்கான இடையூறு விளைக்கக்கூடிய சாதனங்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றையே ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இதனால் ஆணைக்குழுவுக்குக் கிடைத்தது. கம்பியில்லாச் சாவியின் வரலாற்றில் இதுவே திருப்புமுனை எனலாம். ஆளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிய அரசு, இனிப் பொருளுக்கு அத்தாட்சி வழங்கலாயிற்று. மாதிரியொன்று சோதிக்கப்படும், சோதனை அறிக்கையும் சுற்று வரைபடமும் சமர்ப்பிக்கப்படும், தேறினால் அம்மாதிரிக்கு இலக்கம் வழங்கப்படும். அதன்பின் அதே மாதிரியில் இலட்சக்கணக்கான பிரதிகள் விற்கப்படினும், வாங்குவோர் எவரும் அரச அலுவலகமொன்றின் படியேற வேண்டியதில்லை. மக்கள் பெருந்தொகையாக வானொலிச் செலுத்திகளைக் கையாளும் காலத்துக்கு ஏற்ற ஒரே வழி இதுவாகவே இருந்தது.

சாவிக்கு வகுத்த எல்லை

கார்ச் சாவி இம்முறையினுட் சிறிது பிந்தியே புகுந்தது. 1980களின் தொடக்கத்தில் பிரான்சின் ரெனோ நிறுவனம் தனது பியுவேகோ காரில் அறிமுகஞ் செய்த தொலைச் சாவி, கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிரினால் இயங்கியது. அது ஒளியாதலின் காரை நோக்கிக் குறிபார்த்து அழுத்த வேண்டியிருந்தது; வானொலி மீடிறன் பற்றிய விதிகளும் அதனைப் பாதிக்கவில்லை. குறிபாராது, பைக்குள் இருந்தவாறே இயங்கும் வசதியை வேண்டிய உற்பத்தியாளர் வானொலியை நாடினர். அக்கணமே சாவி சட்டத்தின் எல்லைக்குள் வந்தது.

1989 இல் ஆணைக்குழு சிறு செலுத்திகளுக்கான 15 ஆம் பகுதி விதிகளை முற்றாகத் திருத்தியமைத்தது. கார்ச் சாவிகளுக்குப் பெரிதும் பயன்படும் விதி அப்பகுதியின் 231 ஆம் இலக்கத்தில் உள்ளது. அதன்படி 315 மெகாஹேட்சில் இயங்கும் சாவியின் சராசரி மின்புலச் செறிவு, 3 மீற்றர் தூரத்தில் மீற்றருக்கு ஏறத்தாழ 6,040 மைக்கிரோவோல்ற்றினை மீறலாகாது. பொத்தானிலிருந்து விரலை எடுத்த 5 செக்கனுக்குள் செலுத்தி தானாகவே ஓயவேண்டும். அலை பரவும் அகலம் மைய மீடிறனின் 0.25 வீதத்துக்குள் அடங்கவேண்டும். தொடர்ச்சியாக ஒலி அனுப்பவோ பேச்சு அனுப்பவோ அதனைப் பயன்படுத்தலாகாது. கட்டளையைக் கூறிவிட்டு மௌனமாகும் கருவிக்கே, பிறவற்றிலும் உரத்துக் கூறும் சலுகை அளிக்கப்பட்டது எனச் சுருங்கச் சொல்லலாம்.

மீடிறன் தெரிவும் தற்செயலானதன்று. 322 முதல் 335.4 மெகாஹேட்ஸ் வரையான பகுதி இத்தகைய சாதனங்களுக்குத் தடைசெய்யப்பட்டுள்ளது. தரையிறங்கும் விமானத்துக்குச் சரிவுப் பாதையைக் காட்டும் சமிக்ஞை அப்பகுதியினுள்ளேயே அமைகின்றது. ஜப்பானில் வேறொரு விதி நிலவுகின்றது. மிக நலிந்த அலைகளை எழுப்பும் கருவிகளுக்கு அங்கும் அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை; ஆயின் 3 மீற்றர் தூரத்தில் 322 மெகாஹேட்ஸ் வரை 500 மைக்கிரோவோல்ற்று அனுமதிக்கப்பட, அதற்கு மேல் 35 மைக்கிரோவோல்ற்று மாத்திரமே அனுமதிக்கப்படுகின்றது. அந்நாட்டுக் கார்ச் சாவிகள் பல 322 இற்குச் சற்றுக் கீழே நிற்பதன் காரணம் இதனால் தெளிவாகும். ஐரோப்பாவிலோ 433.92 மெகாஹேட்ஸ் பெருவழக்காயிற்று. ஒரே நிறுவனத்தின் ஒரே காருக்கு நாட்டுக்கு நாடு வேறுபட்ட சாவி அமைவது பொறியியலின் தேவையாலன்று. வெவ்வேறு அரசுகள் கீறிய எல்லைக் கோடுகளாலேயே ஆகும். ஜப்பானிலிருந்து இலங்கைக்கு இறக்குமதியாகும் பாவித்த கார்களின் சாவிகளும் அந்நாட்டுக் கோட்டினைச் சுமந்தே இங்கு வந்து சேர்கின்றன.

உரிமையற்ற அனுமதி

இவ்வாறு கிடைத்த சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. அத்தாட்சி பெற்ற சாதனம் இரு நிபந்தனைகளுக்கு உட்பட்டே இயங்கலாம். முதலாவது, அது பிறருக்குத் தீங்கான இடையூறு விளைக்கலாகாது. இரண்டாவது, தனக்கு நேரும் எவ்விடையூற்றையும், தன் இயக்கத்தையே குலைக்கும் இடையூறாயினும், அது ஏற்றுக்கொள்ளவேண்டும். அனுமதிப்பத்திரம் பெற்றவருக்கு முறையிடும் உரிமை உண்டு. சாவிக்காரருக்கு அது இல்லை. அவர் வானொலி வெளியில் குடியிருப்பவரல்லர். பொறுத்துக்கொள்ளப்படும் வழிப்போக்கரே ஆவார்.

இவ்விரண்டாம் நிபந்தனையின் பொருள் 2004, 2005 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மக்களுக்கு நன்கு விளங்கலாயிற்று. இராணுவத்துக்கு உரிய 380 முதல் 399.9 மெகாஹேட்ஸ் வரையான பகுதியில் புதிய வானொலித் தொகுதிகள் படைத்தளங்களில் இயங்கத் தொடங்கியதும், சுற்றுப்புற வீடுகளில் 390 மெகாஹேட்சில் இயங்கிய கார்க்கொட்டிற் கதவுகள் திறக்க மறுத்தன. நெடுங்காலமாகப் பயன்படுத்திய கருவி செயலிழந்ததற்கு நட்டஈடு உண்டோ என்ற வினாவுக்கு, விதியில் இடமிருக்கவில்லை. அம்மீடிறன் தொடக்கம் முதலே இராணுவத்துக்கு உரியது. கதவுக்காரர் அதனைப் பொறுத்தே ஆகவேண்டும் என்பதே 2005 இல் ஆணைக்குழு விடுத்த அறிவித்தலின் சாரம். கார்ச் சாவியின் சட்ட நிலையும் இதனினின்று வேறன்று.

முதலாம் நிபந்தனையின் பொருளை 2019 இல் ஒஹையோ மாநிலத்தின் நோர்த் ஓம்ஸ்ரெட் நகரில் நிகழ்ந்த சம்பவம் காட்டுகின்றது. அங்கு ஒரு குடியிருப்பின் கார்ச் சாவிகளும் கொட்டிற் கதவுகளும் சில வாரங்களாகச் செயலிழந்தன. தேடியபோது, குடியிருப்பாளர் ஒருவர் தம் வீட்டில் ஆள் நடமாட்டத்தை அறியத் தாமே செய்துகொண்ட மின்கலக் கருவியொன்று 315 மெகாஹேட்சில் ஓயாது அலையெழுப்பியமையே காரணம் எனத் தெரியவந்தது. அவரிடம் தீய நோக்கம் எதுவும் இருக்கவில்லை. 5 செக்கனில் ஓயவேண்டும் என்னும் சிறு விதி மீறப்படின் ஓர் அயலே முடங்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. வறண்ட தொழினுட்ப விதியாகத் தோன்றுவது உண்மையில் அயலவர் உறவு பற்றிய விதியே ஆகும்.

அத்தாட்சி காணாதவை

அயலவரைக் காக்கும் இவ்வத்தாட்சி, சாவியின் உரிமையாளரைக் காக்கின்றதா? இங்கேதான் அதன் எல்லை புலப்படுகின்றது. சோதனைச்சாலை அலையின் வலுவையும் அகலத்தையும் காலத்தையும் அளக்கின்றது. அவ்வலை சுமந்து செல்லும் இரகசியக் குறியீடு உறுதியானதா, அதனைக் கள்வன் அறியக்கூடுமா என்பன அச்சோதனையின் பொருள்களல்ல.

தொடக்ககாலச் சாவிகள் சில எப்போதும் ஒரே குறியீட்டையே அனுப்பின. ஒருமுறை அதனைப் பதிவுசெய்தவன் மறுமுறை அதனையே ஒலித்துக் கதவைத் திறக்கலாம். இதற்கு மாற்றாக ஒவ்வோர் அழுத்தத்துக்கும் மாறும் குறியீடுகள் உருவாயின. அவற்றுட் புகழ்பெற்ற கீலொக் என்னும் முறை 1980களில் தென்னாபிரிக்காவில் ஆக்கப்பட்டு, 1995 இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய ஆய்வாளர் அதன் பலவீனங்களை வெளியிட்டனர். 2011 இல் சுவிற்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர் மூவர், பொத்தானை அழுத்தாமலே காரைத் திறக்கும் புதுவகைச் சாவிகளை ஆராய்ந்து, 8 நிறுவனங்களின் 10 மாதிரிக் கார்களைத் தாம் திறந்து இயக்க முடிந்தமையை வெளிப்படுத்தினர். அவர்கள் குறியீட்டை உடைக்கவேயில்லை. காரின் நலிந்த அழைப்பைத் தொலைவிலுள்ள சாவிக்கு எடுத்துச்சென்று, சாவி அருகிலேயே இருப்பதாகக் காரை நம்பவைத்தனர், அவ்வளவே. இத்தகைய களவின்போது சாவி தனக்கு விதித்த எல்லை எதனையும் மீறுவதில்லை. கார் களவுபோகும் அதே வேளையில், அத்தாட்சி முற்றிலும் செல்லுபடியாகின்றது.

காரின் பாதுகாப்புப் பற்றிய சட்டங்கள் வேறொரு வாயிலால் வந்தன. 1995 இல் இயற்றப்பட்ட ஐரோப்பியப் பணிப்புரையொன்று, உரிய சாவியின்றி இயந்திரம் இயங்காதவாறு தடுக்கும் அமைப்பினை 1998 ஒக்ரோபர் முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்கள் யாவற்றுக்கும் கட்டாயமாக்கிற்று. வாகனங்களின் இலத்திரனியற் பாதுகாப்புப் பற்றிய ஐக்கிய நாடுகளின் 155 ஆம் ஒழுங்குவிதி 2021 இலேயே நடைமுறைக்கு வந்தது. இவை வாகனச் சட்டங்கள், வானொலிச் சட்டங்களல்ல. சாவியோ இரண்டுக்கும் நடுவே நிற்கின்றது.

சோதிப்போர் யார் என்பதிலும் மாற்றம் நேர்ந்துள்ளது. ஒரு காலத்தில் சிலவகைச் சாதனங்களை ஆணைக்குழுவே மேரிலாந்து மாநிலத்திலுள்ள தனது சோதனைச்சாலையில் ஆராய்ந்தது. 1998 இல் தனியார் அத்தாட்சி நிறுவனங்களை அங்கீகரிக்கத் தீர்மானித்தது. 2015 முதல் அத்தாட்சி முழுவதும் அவற்றின் வழியாகவே வழங்கப்படலாயிற்று. ஐரோப்பிய ஒன்றியமோ 2000 ஆம் ஆண்டு ஏப்பிரில் முதல், அரச அங்கீகாரத்துக்குப் பதிலாக உற்பத்தியாளரின் சொந்தப் பிரகடனத்தையே அடிப்படையாகக் கொண்டது. சாதனங்கள் பெருகப் பெருக அரசு நேரிற் பார்ப்பதினின்று விலகிப் பிறர் பார்த்தமையை ஏற்பதாக மாறியுள்ளமை இதனாற் பெறப்படும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கம்பியில்லாச் சாவியின் அத்தாட்சி ஒரு சமூக உடன்படிக்கையின் விளைவு என்பது புலனாகும். 1912 இல் ஆளை நோக்கிய சட்டம் 1968 இல் பொருளை நோக்கித் திரும்பிற்று. அத்திருப்பத்தினாலேயே சாதாரண மனிதன் எவரிடமும் கேளாது ஒரு வானொலிச் செலுத்தியைத் தன் பையிற் கொண்டு திரிய முடிகின்றது. அது சிறிய பேறன்று. ஆயினும் அவ்வுடன்படிக்கையில் காக்கப்பட்டவர்கள் விமானியும் படைவீரரும் ஒலிபரப்பாளரும் அயலவருமே. சாவியை வைத்திருப்பவருக்குக் கிடைத்தது அனுமதி மாத்திரம். உரிமையோ பாதுகாப்போ அதனோடு சேர்ந்து வரவில்லை.

அரசின் முத்திரையொன்றைக் காணுந்தோறும் அது தம்மைக் காக்கின்றது என எண்ணுவது மக்கள் இயல்பு. ஆனால் ஒவ்வொரு முத்திரையும் குறித்த ஒரு காலத்தில், குறித்த ஓர் இடருக்கு விடையாக எழுந்தது. 1926 இன் இடர் இரைச்சல். அதற்கான விடையே சாவியின் பின்புறத்தில் இன்றும் பொறிக்கப்பட்டுள்ளது. களவு என்னும் பிந்திய இடருக்குரிய விடையை அவ்வெழுத்துகளில் தேடுவது வீணாகும். சட்டம் எதனைச் சோதித்தது என்பதோடு எதனைச் சோதிக்கவில்லை என்பதையும் குடிமக்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு பரவும்போதே, சாவியின் உரிமையாளரையும் காக்கும் அத்தாட்சியொன்றைக் கேட்கும் குரலும் வலுப்பெறும்.